கரிசலில் ஒரு கன்று பிழைக்கணும்னா...



சுற்றுச்சூழல் அறிவியல்னு நமக்கு ஒரு பேப்பர் உண்டே, ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் நாம புரட்டுற புத்தகம். "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இது எதுக்குடா?" என்று நீங்களும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். அந்தப் பேப்பர் நம் பாடத்திட்டத்துக்குள் வந்ததற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கொண்டுவர வேண்டும், திரையரங்குகளில் படத்துக்கு முன்னால் சுற்றுச்சூழல் பற்றிய ஸ்லைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 2003இல் நீதிமன்றம் மறுபடியும் வலியுறுத்திய பிறகு, எல்லா இளநிலைப் படிப்புக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடம் ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. நம் கையில் இருக்கும் பேப்பரின் கதை இதுதான்.

இதற்கு முன்பே, 1983-84இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் கல்வி, விழிப்புணர்வு, பயிற்சிக்கென்று ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. 2001-02இல் தேசிய பசுமைப் படை வந்தது. பள்ளியில் பச்சைத் தொப்பி போட்டு ஊர்வலம் போனவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். அந்த மன்றங்களுக்கு அரசு கொடுத்தது ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனாலும் கிராமத்துப் பள்ளிகள் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

சரி, காடு வளர்ப்புக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்? மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது. கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. வனத்துறையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வைகை அணையில் பயிற்சிக் கல்லூரி உண்டு. 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. தாவரங்களை இனம் காண்பது, மூங்கில் வளர்ப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குவது மாதிரி வேலைக்கு ஆகும் குறுகிய காலப் பயிற்சிகள் அதில் வந்தன.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு தகவல்: இந்திய வனப்பணித் தேர்வை எழுத பொறியியல் பட்டமே போதும். சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வு வழியாகத்தான் இதற்கும் போக வேண்டும். தேர்வானால் டேராடூனில் பயிற்சி. இது நம்ம பசங்க பாதிப் பேருக்குத் தெரியாது!

இப்போ நம்ம ஊர்ப்பக்கம் வருவோம். என்.எஸ்.எஸ். முகாமுக்காகக் குளத்தூர் பக்கம் போனபோது நாங்கள் மரக்கன்று நட்டோம். குழி தோண்டினோம், தண்ணீர் ஊற்றினோம், போட்டோ எடுத்தோம், கிளம்பிவிட்டோம். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் குச்சிகள்தான் நின்றன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, இது கரிசலு. கோடையில வாயப் பொளக்கும், வேர அறுத்துப்புடும்லா. வச்சா மட்டும் போதுமா?"

சிவில் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். கரிசல் மண்ணில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். கட்டடத்தின் அஸ்திவாரத்தையே அசைக்கிற மண், இளம் வேரை விட்டுவைக்குமா? அதனால் இங்கே நடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. குழியை முன்கூட்டியே தோண்டி ஆறப்போட வேண்டும். எருவும் மணலும் கலந்து நிரப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசியில் நட்டால் கன்று வேர் பிடிக்க ஈரம் கிடைக்கும். மழை ஓய்ந்ததும் தூரைச் சுற்றிச் சோளத்தட்டையை மூடாக்காகப் போட்டால் வெடிப்பு குறையும். ஆட்டிடமிருந்து காக்க முள்வேலி. மரமும் மண்ணுக்கு ஏற்றதாக இருக்கணும். வேம்பு, புளி, வாகை, உடை, பனை எல்லாம் இங்கே பழகியவை.

அரசும் இதைப் புரிந்துகொண்ட மாதிரி ஒரு திட்டம் இருக்கிறது. 2021-22இல் தமிழ்நாடு தொடங்கிய நீடித்த நிலையான பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாயிக்குக் கன்று இலவசம். அதோடு, உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை வருஷத்துக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. எத்தனை நட்டோம் என்பதற்குக் காசு இல்லை, எத்தனை பிழைத்தது என்பதற்குத்தான் காசு. தொகை சின்னதுதான், ஆனால் கணக்கு சரியான கணக்கு. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தப் பார்க்கிறது. அந்த இலக்குக்கும் இதே கணக்குதான் பொருந்தும்.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. விளாத்திகுளம், குளத்தூர் வட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம். அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழ்நாடு அரசு கொள்கையே வெளியிட்டது. ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் இதே மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு எரித்தன. மரத்தை எடுக்க இயந்திரம் வருகிறது. அந்தக் கைகளுக்கு அடுத்த தொழிலைக் கற்றுக்கொடுக்க யார் வருவார்? நாற்றங்கால் நடத்துவதற்கும் வரப்பில் மரம் வளர்ப்பதற்கும் பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான். மரம் போய்ப் பிழைப்பும் போனால், வைக்கிற புதுக் கன்றை யாரும் காவல் காக்க மாட்டார்கள்.

நாம என்ன செய்யலாம்? கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மானாவாரி நிலத்தைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் வீட்டில் நிலம் இருந்தால் உழவன் செயலியில் கன்றுக்குப் பதிவு செய்து கொடுங்கள். அடுத்த முகாமில் 500 கன்று நடுவதற்குப் பதில் 50 நடுவோம். பெயர் போட்டுப் பிரித்துக்கொண்டு, சித்திரை வெயிலில் ஒரு தடவை போய் எண்ணிப் பார்ப்போம்.

அந்தப் பெரியவர் அங்கேதான் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார். இந்தத் தடவை அவரிடம் முதலிலேயே கேட்டுவிட்டு நடுவோம்.