விசைப்படகும் இரண்டு பாட்டரிகளும்

திருவள்ளூர்க் கடற்கரையாம் பழவேற்காட்டில், கையாற் கிளப்பும் சிறு பொறிப் படகுகட்கு யாம் கூறப்புகுவது வேண்டுவதன்று. காசிமேட்டினின்றும் புறப்பட்டு அக்கரைக்கு நேரே கடலிற் பல நாள் தங்கும் விசைப்படகின் நிலை வேறு. டீசல் இயந்திரத்தைக் கிளப்ப ஒரு பாட்டரியும், விளக்கு, வயர்லெஸ், திசைகாட்டுங் கருவிகட்கு மற்றொன்றும் அதற்கு வேண்டும். இரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்துவிடின், இரவெல்லாம் எரிந்த விளக்கு விடியலில் இயந்திரத்தை ஊமையாக்கும். வயர்லெஸும் உடன் மாயுமாதலின், கரைக்கு அறிவிக்கவும் வழியிராது.

ஆயின், மின்னூட்டும் ஆல்டர்னேட்டர் ஒன்றே. ஒருவழியே மின்னை விடும் டையோடுகளை இடையே வைத்தல் பழைய முறை. அது ஏறத்தாழ 0.7 வோல்ட்டைத் தானே விழுங்கும். 14.4 வோல்ட் வேண்டும் ஈயப் பாட்டரிக்கு 13.7 மட்டுமே எட்டுமெனின், அஃது என்றும் அரைவயிறே. தொடக்கப் பாட்டரி ஏறக்குறைய 13.3 வோல்ட்டை எட்டிய பின்னரே மற்றதை இணைத்து, 12.8க்கு இறங்கியதும் பிரித்துவிடும் ரிலேயே எமக்குச் சிறந்ததாகத் தோன்றுகின்றது. ஊர்க்குப் புறப்படுவானுக்கு முதற்பந்தி இடுவது நம்மவர் வழக்கமன்றோ! லித்தியப் பாட்டரியை மட்டும் இங்ஙனம் ஈயத்தோடு நேரே இணைத்தலாகாது. அது மிகுந்த மின்னை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டெரித்தல் கூடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு வாளா கிடக்குங்கால், குறைந்த மின்னுடைய பாட்டரியின் ஈயத்தகடுகளிற் சல்பேட்டுப் படிகம் இறுகிவிடும்; பின்னர் எவ்வளவு ஊட்டினும் பழைய வலிமை மீளாது. ஆதலின், முழுதும் நிரப்பி, இணைப்பைக் கழற்றி வைத்து, இடையில் ஒருமுறை அளந்து பார்த்தல் வேண்டும். ஓய்விலிருக்கும் பாட்டரி 12.7 வோல்ட் காட்டின் நிறைவு, 12.4 எனின் அன்றே ஊட்டுக.