முன்னோர் உறங்கும் கல்வட்டங்கள்

நெல்லித்தோப்பைக் கடந்து மேற்கே சென்றால் அதிகத் தொலைவின்றி வருவது முத்திரையர்பாளையம். புதுச்சேரி நகரத்தார் இவ்வூரை நினைப்பது தண்ணீருக்காக. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நகரின் தாகம் தீர்த்த நீர் இங்கிருந்தே சென்றது. ஆயி மண்டபம் அதற்குச் சாட்சி. அதே ஊரின் மண்ணுக்குள் பெருங்கற்கால ஈமக்காடு இருந்ததைப் பலர் அறியார்.

அரிக்கமேட்டை அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் கசால், முத்திரையர்பாளையத்திலும் சுத்துக்கேணியிலும் புதைகுழிகளை ஆராய்ந்தார். தாழிகளும், கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்தன. சுத்துக்கேணியில் பொன் அணிகளும் வெளிப்பட்டன. அவரது நூல் 1956-இல் பாரிசில் வெளியாயிற்று.

இக்குழிகளில் பல, உடலை முழுமையாகப் புதைத்தவை அல்ல. வேறிடத்தில் வைத்துப் பின்னர் எலும்புகளை மட்டும் சேகரித்து, உணவுக் கலமும் இரும்புக் கருவியும் உடன்வைத்து, மேலே கற்களை வட்டமாக நாட்டினர். சஞ்சயனம் செய்யும் குடும்பத்தாருக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. பிணத்தைச் சுடுதல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல், தாழியில் கவித்தல் முதலான ஐந்து முறைகளை மணிமேகலை ஒரே இடத்தில் சொல்வதும் கருதத்தக்கது. பிற்காலத்தில் இராசராச சோழன், ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். நீத்தாரை மறவாமை இம்மண்ணின் பழைய இயல்பு.

மக்கள் இக்கற்களைப் பாண்டவர் குழி, வாலியர் வீடு என்றெல்லாம் அழைத்தனர். அந்த அச்சமும் பக்தியும் சட்டத்திற்கு முன்பே இவற்றைக் காத்தன எனலாம். இன்று வீட்டுமனைகளுக்கும் கல்குவாரிகளுக்கும் முன் அச்சம் நிற்பதில்லை. ஆகவே சட்டமே துணை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களில், மதுராந்தகத்தை அடுத்த சானூர் ஈமக்காடு போன்றவை அடங்கும். 2010-இல் வந்த திருத்தம், எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடத்தைத் தடுக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். சேதம் விளைவிப்போருக்கு இரண்டாண்டுச் சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. கல்லில் சுண்ணாம்பு பூசுவதும், எண்ணெய் வார்ப்பதும் பக்தியால் செய்யப்படினும் கல்லுக்குக் கேடே.

பட்டியலில் சேராத குழிகளே மிகுதி. கிணறு வெட்டும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ தாழி தென்பட்டால் தொடாமல் நிறுத்தி, வட்டாட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். புதையல் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும்.