இரு வண்டிகளுக்கு இடையே

தென்பகுதி ஊர்களிலிருந்து வடநாடு செல்வோர் பலர், சென்னை எழும்பூர் நிலையத்தில் இறங்கிச் சென்ட்ரல் நிலையத்தில் மற்றொரு வண்டி ஏறுதல் வழக்கம். 1873-இல் திறக்கப்பெற்ற சென்ட்ரல் அகலப்பாதை வண்டிகளுக்கும், 1908-இல் திறக்கப்பெற்ற எழும்பூர் மீட்டர்பாதை வண்டிகளுக்கும் நெடுங்காலம் தலைமை நிலையங்களாய் விளங்கின. இன்று எழும்பூர்ப் பாதையும் அகலமாகிவிட்டது. ஆயினும் வண்டி மாறும் வழக்கம் முற்றும் மறைந்திலது. ஒரு வண்டி விட்டு மறு வண்டி ஏறும்வரை ஐந்தாறு மணி நேரம் நம் கையில் எஞ்சுவதுண்டு. அப்பொழுதை நிலையத்துப் பலகையில் மூட்டைமேல் தலைவைத்து உறங்கிக் கழிப்பாரும் உளர். மாநகர் முழுவதையும் கண்டுவிட முனைந்து ஓடுவாரும் உளர். இளமையில் யான் இரண்டாம் வகையினன். அதனால் இழந்ததைப் பின்னர்க் கூறுவேன்.

மாணவர்களே, முதற்கண் கையிலுள்ள பொழுதை அளந்து கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் உள்ளதென வைத்துக்கொள்வோம். வந்த வண்டி காலந்தாழ்த்தலுக்கென ஒரு மணியும், புறப்படும் நிலையத்தை முன்னதாக அடைவதற்கென ஒரு மணியும், குளிக்கவும் உண்ணவும் ஒரு மணியும் கழித்தல் வேண்டும். எஞ்சுவன மூன்றே. மூட்டை முடிச்சுகளைக் கட்டணம் பெற்றுக் காக்கும் அறை நிலையத்தில் உண்டு. பெட்டி பூட்டியிருத்தல் வேண்டும், பயணச்சீட்டையும் காட்டுதல் வேண்டும். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ வண்டியில் ஒரே நிலையத் தொலைவு. மின்தொடர் வண்டியில் வருவோர் அடுத்த நிலையமாகிய பூங்காவில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். ஆகவே மாறுவதற்கு நெடும்பொழுது வேண்டுவதில்லை.

மூன்று மணி நேரத்தில் யாது காணலாம்? எழும்பூர் நிலையத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில், பாந்தியன் சாலையில், அரசு அருங்காட்சியகம் உள்ளது. 1851-இல் தொடங்கப்பெற்ற பழம்பெரு நிலையம் அது. அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் அங்கு உள்ளன. 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகமும் அவ்வளாகத்தை ஒட்டியதே. எல்லாவற்றையும் காண முயலாதீர்கள். நேரே செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்திற்குச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறவாதீர்கள்.

அத்திருமேனிகள் வார்க்கப்பெற்ற முறையை அறிந்து காண்பார்க்கே அவற்றின் அருமை புலனாகும். தேன்மெழுகுடன் குங்கிலியம் கலந்து, உருவத்தை முதலில் மெழுகில் அமைப்பர். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பல படியாகப் பூசி உலர்த்துவர். பின்னர்த் தீயிலிட, மெழுகு உருகித் துளைவழியே வெளியேறும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறிய பின் மண்கூட்டை உடைத்தாலன்றி உருவம் வெளிப்படாது. மெழுகும் போயிற்று, கூடும் போயிற்று. ஆதலால் ஒன்றைப்போல் மற்றொன்று பிறப்பதற்கில்லை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் இம்முறையில் வார்க்கும் சிற்பியர் உளர்.

அக்கூடத்தில் திருவெண்காட்டு மாதொருபாகன் திருமேனி நிற்கிறது. வலப்புறம் ஆண், இடப்புறம் பெண். வலப்புறம் இரு கைகள். இடப்புறம் ஒரே கை. இரு வேறு உடல்களை நடுவே ஒட்டவைத்தாற்போல் தோன்றாது, ஓருயிர் நின்றாற்போல் அது நிற்கிறது.

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் இவ்வுருவத்தின் படமொன்றைக் காட்டி வகுப்பில் விளக்குவார். நேரிற் கண்டவரல்லர். 1984-இல் அவர் காசி யாத்திரை புறப்பட்டபோது துணையாக யானும் சென்றேன். கும்பகோணத்திலிருந்து வந்த எங்கள் வண்டி நண்பகலை ஒட்டியே எழும்பூரை அடைந்தது. வடக்கே செல்லும் வண்டி இரவில். "அருங்காட்சியகம் ஒன்று போதும், தம்பி" என்றார் அவர். யானோ கடற்கரை, கோட்டை, மயிலைக் கோயில், மூர் மார்க்கெட்டுப் பழம்புத்தகக் கடைகள் என்று ஒரு நெடும் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். "அது நிலையத்திற்கு அருகிலேயே உள்ளது, ஐயா, திரும்பும்போது காண்போம்" என்றேன். உச்சி வெயிலில் கடற்கரை மணலில் நடந்தோம். மயிலையை அடைந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது. மாலை நான்கு மணிக்கே திறப்பர் என்றனர். வந்ததை விட மனமின்றிக் காத்திருந்தோம். வழிபட்டுப் பேருந்து பிடித்துப் பாந்தியன் சாலை சேர்ந்தபோது அருங்காட்சியகத்தின் வாயில் மூடியிருந்தது.

ஆசிரியர் என்னைக் கடிந்திலர். இரும்புக் கம்பிகளின் வழியே அச்செந்நிறக் கட்டடத்தைச் சிறிது நேரம் நோக்கினார். "மறுமுறை வரும்போது பார்ப்போம், கால் வலிக்கிறதா உனக்கு?" என்று கேட்டார். திரும்பும் பயணத்தில் வண்டி மாறப் பொழுது போதவில்லை. அடுத்த ஆண்டு மூர் மார்க்கெட்டுத் தீக்கிரையாயிற்று. அதற்கடுத்த ஆண்டு ஆசிரியரும் மறைந்தார்.

அதன்பின் எழும்பூரில் வண்டி மாறும்போதெல்லாம், விடுமுறை நாளாய் இல்லையெனின், பெட்டியை ஒப்படைத்துவிட்டு அக்கூடத்திற்கு மட்டுமே செல்கிறேன். படத்தில் காணக் கூடாதது ஒன்று அங்கு உண்டு: பக்கமாக நகர்ந்து நின்றால் அத்திருமேனியின் முதுகு தெரியும். முன்புறம் போலவே முதுகிலும் ஆண்பாதியும் பெண்பாதியும் வேறுபடுகின்றன. ஆசிரியருக்கு அது தெரிந்திராது.