அழுத்தம் விழும் இடம்

ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பதங்களை இணைத்துக் கட்டிய கூட்டுச் சொல்லை வாய்விட்டுப் படிக்கும்போது, எந்த அசையில் குரலை ஊன்ற வேண்டும் என்பதை அச்செழுத்து சொல்லித் தருவதில்லை. ஆனால் அர்த்தமே சில சமயம் அந்த ஊன்றுதலைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது.

பிளாக், பேர்ட் என்னும் இரு சொற்களில் முன்னதை அழுத்தினால் அது ஒரு தனி ஜாதிப் பறவையின் பெயர்; அதன் பெட்டை பழுப்பு நிறமாயிருப்பினும் பெயர் மாறாது. பின்னதை அழுத்தினாலோ, கறுப்பாயுள்ள எந்தப் பறவையும், நம் காக்கை உட்பட, அதில் அடங்கிவிடும். லைட் ஹவுஸ் கீப்பர் என்ற மூன்று பதங்கள் இதைவிட ரஸமானவை: தலைமை அழுத்தம் 'லைட்' மீது விழுந்தால் கலங்கரை விளக்கத்தின் காவலர் எதிரே நிற்பார், 'ஹவுஸ்' மீது விழுந்தால், எடை குறைந்த உடல்வாகுள்ள ஒரு வீட்டு நிர்வாகி வந்துவிடுவார்!

கூட்டுப் பெயர்ச்சொல்லின் முற்பகுதியே அழுத்தம் பெறும் என்பது பொது விதி. மொழியியலறிஞர்களான சாம்ஸ்கியும் ஹாலேயும் 1968-இல் வெளியிட்ட நூலில் அதைச் சூத்திரமாகவே வகுத்தார்கள். எனினும் லண்டன் நகரத்தார் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் என்கையில் 'ஆக்ஸ்' என்பதையும், அபி ரோட் என்கையில் 'ரோட்' என்பதையும் ஊன்றிச் சொல்கிறார்கள். வீதிப் பெயர்களுக்குள் 'ஸ்ட்ரீட்' மட்டும் ஏன் இப்படி அடங்கிப்போக வேண்டும் என்று கேட்டால், வழக்கம் என்பதைத் தவிர எனக்குத் திருப்தியான சமாதானம் கிடைக்கவில்லை.

வரியின் ஓரத்தில் சொல்லை முறிப்பது வேறொரு சங்கடம். 'நாலெட்ஜ்' என்பதைப் பழைய பிரிட்டிஷ் அச்சகத்தார் தாதுவை மதித்து 'நோ' என்னும் எழுத்துக்களுக்குப் பின் முறிப்பார்கள். அமெரிக்கரோ உச்சரிப்பைப் பின்பற்றி, 'எல்' எழுத்தையும் முன்வரியிலேயே நிறுத்திக்கொள்வார்கள்.

குறிலும் நெடிலும் ஒற்றும் கொண்டு நேர், நிரை என அசை பிரித்துப் பழகிய நமக்குச் சொல்லின் பொருளை மாற்றும் இத்தகைய அழுத்தம் பரிச்சயமில்லாதது. ஆதலால் எல்லா அசைகளுக்கும் ஏறக்குறைய சமமான மரியாதை கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலேயர் அப்படியல்லர். அழுத்தம் இழந்த அசை அவர்கள் நாவில் நாளடைவில் தேய்ந்தே போய்விடும். கோப்பை வைக்கும் பலகை என்ற பொருளில் 'கப்', 'போர்ட்' என்று பிறந்த சொல், முன்னசையின் பளுவால் பின்னசை நசுங்கி, 'ப்' ஒலியையும் பறிகொடுத்து, இன்று அவர்கள் வாயில் 'கபட்' என்றே ஒலிக்கிறது. அதன் இரண்டு பாகங்களையும் நம்மவர்தாம் பழுதில்லாமல் 'கப்போர்டு' என்று சொல்லி வருகிறோம்.