மருந்துச் செடிக்கு விஷம் தெளிக்கலாமா?

அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்த நம்பிக்கையோடுதான் நம் வீடுகளில் கருஞ்சீரகமும் நிலாவரையும் அமுக்கராவும் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் செடி வயலில் நின்றபோது அதன்மீது என்ன தெளித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை.

அமுக்கராவையே எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பகுதிகளில் இது பெருமளவில் பயிராகிறது. கத்தரி இலையைச் சல்லடையாக்கும் அதே 28 புள்ளி வண்டுதான் இதன் இலையையும் சுரண்டித் தின்கிறது. பூச்சிக்கொல்லி அடித்தால் வண்டு சாகும். கூடவே தேனீக்களும் பாதிக்கப்படலாம். மருந்தாக நாம் உண்பதில் நஞ்சின் எச்சமும் தங்கலாம்.

இதற்கு மாற்றாக விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருவதுதான் மரபணுவை மௌனமாக்கும் முறை. உடலில் ஒரு புரதம் உருவாக, மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. வடிவில் ஒரு கட்டளை போக வேண்டும். அந்தக் கட்டளைக்குப் பொருத்தமான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை இலையில் தெளிக்கிறார்கள். இலையைத் தின்னும் வண்டின் உடல் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அத்துண்டுகளின் துணையால் தன் சொந்தக் கட்டளையையே அழித்துவிடுகிறது. உயிர்வாழத் தேவையான புரதம் கிடைக்காமல் வண்டு மடிகிறது.

இந்த இயக்கத்தை 1998இல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 2006இல் நோபல் பரிசு பெற்றனர். உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிரான இத்தகைய தெளிப்பு மருந்துக்கு 2023 இறுதியில் அமெரிக்கா அனுமதி அளித்தது.

தெளிப்பதால் செடியின் மரபணு மாறுவதில்லை. நாம் உண்ணும் எல்லாக் காய்கறிகளிலும் ஆர்.என்.ஏ. இருக்கிறது, அது வயிற்றில் செரித்துவிடும். மண்ணிலும் சில நாட்களில் சிதைந்துவிடும்.

குறைகளும் உண்டு. வண்டுகளிடம் நன்றாக வேலை செய்யும் இம்முறை, பல புழுக்களின் குடலில் விரைவில் சிதைந்து பயனற்றுப் போகிறது. அசுவினியைத் தின்று விவசாயிக்கு உதவும் பொறிவண்டு, புள்ளி வண்டின் நெருங்கிய உறவு. அதற்குத் தீங்கு வராதபடி கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலப்போக்கில் பூச்சிகள் எதிர்ப்புத் திறன் பெறவும் வாய்ப்புண்டு. மூலிகைப் பயிர்களில் இது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

அதுவரை, இலையின் அடியிலுள்ள மஞ்சள் முட்டைக் குவியல்களைக் கையால் அகற்றுவதும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பதும் விவசாயி செய்யக்கூடியவை. வாங்கும் நாம், எச்சப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கடைக்காரரிடம் கேட்கலாம். நோயாளியின் கைக்குப் போகும் மருந்து ஓர் அமானிதம். விளைவிப்பவரும் விற்பவரும் அதைப் பேணினால், இன்ஷா அல்லாஹ், மருந்து மருந்தாகவே நம்மை வந்து சேரும்.