கூடு எங்கே என்று கேட்காத பறவை நண்பர்கள்

துவாஸ் என்றதும் தொழிற்சாலைகளும் கொள்கலன் லாரிகளும் ஊழியர் தங்குவிடுதிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கடைசி நிலையமான துவாஸ் லிங்க் 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கும் அப்பால், கடலைத் தூர்த்த நிலத்தில் எழுந்த துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

ஆனால் கடலைத் தூர்த்த இடமெல்லாம் உடனே கட்டடமாகிவிடாது. மண் இறுக வேண்டும், திட்டத்தின் முறை வர வேண்டும். அதுவரை சில இடங்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். மணலும் சரளையும் புல்லுமாகக் கிடக்கும் அந்த இடங்கள் சில பறவைகளுக்கு மிகவும் பிடித்தமானவை.

கூடு என்றால் மரத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆலா, ஆள்காட்டி, பக்கி போன்ற பறவைகள் தரையிலேயே முட்டையிடுகின்றன. குச்சி, பஞ்சு எதுவும் வேண்டாம். மண்ணில் ஒரு சிறு பள்ளம் போதும். முட்டைகள் கூழாங்கற்களைப் போலவே இருப்பதால், இரண்டடி தள்ளி நிற்பவரின் கண்ணுக்குக்கூடத் தெரியாமல் போகலாம்.

மரத்தில் கட்டுபவர்களில் தூக்கணாங்குருவிக்கு அறிமுகம் தேவையில்லை. ஊரில் கிணற்றோர மரங்களில் தொங்கும் அதே கூடு சிங்கப்பூரின் புல்வெளிகளை ஒட்டிய மரங்களிலும் தொங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் அதைப் பார்த்தால் கைப்பேசியை எடுக்காமல் இருப்பது கடினம். படம் எடுத்தாயிற்று. அடுத்து அது எங்கே போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காலை வணக்கத்தோடு ஒரு முட்டைக் கணக்கு

பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் கூட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குடும்பப் பேச்சு போலத்தான் இருக்கும். “அண்ணே, முட்டை இன்னும் ரெண்டுதானா?” என்று ஒருவர் கேட்பார். “ராத்திரி அவ்வளவு மழை, தாய் எழுந்திருக்கவே இல்லை தம்பி” என்று இன்னொருவர் பதில் சொல்வார். தகப்பன் பறவை இன்று என்ன இரை கொண்டுவந்தது, குஞ்சு இறக்கை அடிக்கத் தொடங்கிவிட்டதா, பக்கத்தில் காகம் ஏன் சுற்றுகிறது என்று நாள் முழுவதும் பேச்சு நீளும். இடையிடையே வேலை, சமையல், பிள்ளைகளின் தேர்வு பற்றியும் பேசிக்கொள்வார்கள்.

இந்தப் பேச்சுக்குத் துவாஸ் வரை போக வேண்டும் என்பதில்லை. வீவக வீடுகளின் நடைபாதைப் பூந்தொட்டிகளிலேயே தேன்சிட்டும் சின்னானும் கூடு கட்டுகின்றன. தேன்சிட்டு கூடு கட்டிய செடிக்கு ஒரு மாதம் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றிய குடும்பங்கள் பல உண்டு.

உலக அளவில் இத்தகைய பேச்சுக்கு இணையக் கேமராக்கள் பெரிய மேடை அமைத்துத் தந்திருக்கின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிக் பேர் பள்ளத்தாக்கு என்ற இடத்தில், ஏறத்தாழ 145 அடி உயரத்தில் ஒரு பைன் மரத்தில் வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டியுள்ளன. அந்த இணைக்கு ஜாக்கி, ஷேடோ என்று பெயர். 2024ஆம் ஆண்டு ஜாக்கி இட்ட மூன்று முட்டைகளும் பொரியவில்லை. பனி கொட்டும்போதும் அது அடைகாத்ததை உலகெங்கும் பல்லாயிரம் பேர் பார்த்துக் காத்திருந்தனர்.

அடுத்த ஆண்டு மார்ச் மாதம் மூன்று முட்டைகளும் பொரிந்தன. அதே மாதம் அடித்த பனிப்புயலில் ஒரு குஞ்சு இறந்தது. எஞ்சிய இரண்டும் வளர்ந்து கூட்டைவிட்டுப் பறந்தன. அவற்றுக்கு சன்னி, கிஸ்மோ என்று பெயர் வைத்தவர்கள் அந்த ஊரின் தொடக்கப்பள்ளி மாணவர்கள்.

இப்படி ஆயிரக்கணக்கானோர் ஒரே கூட்டைப் பார்க்கும்போதும் கழுகுக்குத் தொந்தரவில்லை. பறவைகள் கூட்டை விட்டு விலகியிருக்கும் பருவத்திலேயே கேமராவைப் பொருத்திவிடுகிறார்கள். கூடு கட்டும் காலத்தில் யாரும் மரம் ஏறுவதில்லை. இரவில் பறவையின் கண்ணைக் கூசச் செய்யாத அகச்சிவப்பு ஒளியில் படம் பிடிக்கிறார்கள். பார்வையாளர்கள் எத்தனை பேர் கூடினாலும் கூட்டின் அருகே ஒருவர்கூட இல்லை.

உபின் தீவின் இருவாச்சிகள்

சிங்கப்பூரிலும் கூட்டுக்குள் கேமரா வைத்துப் பார்த்ததால் பெரும் பயன் கிடைத்த கதை ஒன்று உண்டு.

கறுப்பும் வெள்ளையுமாக, பெரிய அலகின் மேல் கொம்பு போன்ற புடைப்புடன் இருக்கும் இருவாச்சிப் பறவை 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோனது. 1994ஆம் ஆண்டு புலாவ் உபின் தீவில் ஓர் இணை மீண்டும் தென்பட்டது. ஆனால் எண்ணிக்கை எளிதில் பெருகவில்லை. இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. இயற்கையாக அமைந்த பெரிய பொந்து வேண்டும். அத்தகைய முதிர்ந்த மரங்கள் இங்கு குறைவு.

எனவே 2004ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் தேசியப் பூங்காக் கழகம், ஜூரோங் பறவைப் பூங்கா, ஆய்வாளர்கள் ஆகியோர் சேர்ந்து செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை மரங்களில் பொருத்தினர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தொழில்நுட்ப உதவி செய்தது. பெட்டிகளில் கேமராக்களும் வெப்பநிலையை அளக்கும் கருவிகளும் வைக்கப்பட்டன.

பெண் இருவாச்சி பொந்துக்குள் நுழைந்ததும் வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சிறு கீறல் மட்டும் மிஞ்சும். சுமார் மூன்று மாதம் அது வெளியே வராது. பழம், பூச்சி, பல்லி என்று ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுவதுதான் உணவு. ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சுகளும் தவித்துப்போகும். இவ்வளவு நாளும் மூடிய சுவருக்குப் பின்னால் நடந்ததைக் கேமரா முதன்முறையாக நாள்தோறும் காட்டியது.

காட்டியவை எல்லாம் இனிமையான காட்சிகள் அல்ல. தாய்ப்பறவையே கடைசியாகப் பிறந்த நோஞ்சான் குஞ்சைக் கொன்று மற்றக் குஞ்சுகளுக்கு இரையாக்கியதும் பதிவானது. பார்ப்பவர் மனம் பதறும். ஆனால் இரை போதாத காலத்தில் எல்லாக் குஞ்சுகளையும் இழப்பதைவிடச் சிலவற்றையாவது காப்பாற்ற இயற்கை கொண்டிருக்கும் வழி அது என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். கூட்டைப் பின்தொடர்பவர் மனத்தில் கொள்ள வேண்டியதும் இதுதான்: பார்க்கலாம், வருந்தலாம், குறுக்கிடக்கூடாது.

விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த இருவாச்சிகள் பிறகு ஏறக்குறைய நூறாகப் பெருகின. இன்று சாங்கி, பாசிர் ரிஸ் வட்டாரங்களில் வீட்டுச் சன்னல் கம்பியிலேயே அவை வந்து உட்கார்வதைக் காணலாம்.

ஒரு படம் எப்படி முட்டையைக் கொல்லும்?

உபினிலும் பிக் பேரிலும் கேமரா இருந்தது, கூட்டம் இல்லை. துவாஸின் திறந்த வெளியில் நிலைமை தலைகீழ். அங்கே கூட்டைக் காட்டுவது கைப்பேசிப் படம். அந்தப் படத்தோடு இடமும் வெளியானால் அடுத்த நாளே பத்துப் பேர் நேரில் வந்து நிற்கக்கூடும்.

வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆள்காட்டியே நல்ல எடுத்துக்காட்டு. மனிதர் நெருங்கினால் அது கூட்டை விட்டுப் பறந்து தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். ஆளைக் காட்டிக்கொடுப்பதால்தான் தமிழில் அதற்கு அந்தப் பெயரே வந்தது. அது கத்திக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன.

அடைகாப்பது முட்டையைச் சூடாக்க மட்டும் என்று நினைப்பது தவறு. நம் வெயிலில் தரைக்கூட்டின் மீது தாய் உட்காருவது பெரும்பாலும் நிழல் தருவதற்கே. ஆள்காட்டி தன் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. முட்டைக்குள் இருக்கும் கரு சற்றுக் குளிரைத் தாங்கினாலும் மிகைச் சூட்டைத் தாங்காது. நண்பகலில் ஒருவர் நல்ல கோணம் தேடி அரை மணி நேரம் நின்றால், அதுவே அந்தக் கூட்டின் முடிவாகிவிடலாம். போதாக்குறைக்கு, மனிதர் எதை உற்றுப் பார்க்கிறார் என்பதைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும். ஆள் நகர்ந்ததும் அது இறங்கும்.

இதனால்தான் அனுபவமுள்ள பறவை ஆர்வலர்கள் கூட்டின் படத்தைப் பகிர்ந்தாலும் இடத்தைச் சொல்வதில்லை. “எங்கே எடுத்தீங்க?” என்று புதியவர் கேட்டால், “குஞ்சு பறந்த பிறகு சொல்றேன்” என்பதே பதில். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இயற்கைப் பதிவுத் தளங்களும் அருகிவரும் உயிரினங்கள் இருக்கும் சரியான இடத்தைத் தாமாகவே மறைத்துவிடுகின்றன. ஆனால் கைப்பேசிப் படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கேமரா அமைப்பில் இடப் பதிவை முன்கூட்டியே அணைத்துவிடுவது நல்லது. பின்னணியில் தொழிற்சாலைப் பெயர்ப்பலகையோ புளோக் எண்ணோ தெரிந்தால் அதையும் வெட்டிவிட வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றிக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். படத்துக்காக இரை போட்டு அழைப்பதும் குற்றமே. காட்டு விலங்குகளுக்கு உணவளிப்போருக்கு முதல்முறை 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கப்படலாம்.

சிவகங்கையில் அணைந்த விளக்குகள்

ஒரு வாட்ஸ்அப் குழு கூட்டைக் காக்கவும் முடியும் என்பதைக் காட்டிய ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தின் பொத்தக்குடி கிராமத்தில், 2020ஆம் ஆண்டு கொவிட் முடக்கக் காலத்தில், தெருவிளக்குகளுக்கான மின்விசைப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. விசையைப் போடப் போன கல்லூரி மாணவர் அதைப் பார்த்துப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

விசையைத் தொட்டால் கூடு கலையும். தொடாவிட்டால் ஊர் இருட்டில் கிடக்கும். இருட்டில் எப்படி நடமாடுவது என்று சிலர் தயங்கியது இயல்புதான். ஆனால் பேசிப் பேசி ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் ஒரு மாதத்துக்கும் மேலாக எரியவில்லை. மக்கள் கைவிளக்கு வெளிச்சத்தில் நடந்தனர். குஞ்சுகள் பறந்த பிறகே விளக்குகள் எரிந்தன.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் பறவை நிபுணர்கள் இல்லை. விலையுயர்ந்த லென்சும் அவர்களிடம் இல்லை. செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது; கூட்டைத் தொடாமல் இருக்க எல்லாரும் சம்மதித்தனர். அவ்வளவுதான்.

துவாஸில் ஒரு கூட்டைக் கண்டால்

வேலைக்குப் போகும் வழியிலோ வீட்டு நடைபாதையிலோ கூடு கண்ணில் பட்டால் முதலில் செய்ய வேண்டியது நடையைத் தொடர்வது. ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் தொலைவிலிருந்து, பிளாஷ் இல்லாமல், ஒரே நிமிடத்தில் எடுத்துவிடலாம். பறவை கத்தத் தொடங்கினாலோ, இரையுடன் வந்து கூட்டுக்குள் போகத் தயங்கினாலோ, நாம் மிக அருகில் நிற்கிறோம் என்று பொருள். கூட்டை மறைக்கும் புல்லையோ கிளையையோ விலக்கக்கூடாது. அந்த மறைப்புதான் முட்டைகளுக்கு வெயிலிலிருந்தும் காகத்திடமிருந்தும் பாதுகாப்பு.

புல் வெட்டவோ மண் தோண்டவோ போகும் இடத்தில் கூடு இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவைக்கலாம். பறக்கத் தெரியாத குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் உடனே எடுத்துச் செல்லத் தேவையில்லை. இறகு முளைத்த குஞ்சுகள் சில நாள் தரையில் பழகுவது வழக்கம், பெற்றோர் அருகிலேயே இருக்கும். காயம்பட்டிருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைக்கலாம்.

படத்தை நண்பர்களுக்கு அனுப்பவே கூடாது என்பதில்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் துவாஸ் தூக்கணாங்குருவியைக் காட்டுவதில் குருவிக்கு நட்டமில்லை. ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுத் தொங்கிக்கொண்டு கத்துவதையும், பெண் வந்து பார்த்துப் பிடிக்காமல் போய்விட்டதையும் குழுவில் சொல்லிச் சிரிக்கலாம். நாளைக்கு வேறு ஒருத்தி வருவாளா என்று பத்துப் பேர் ஆவலோடு காத்திருக்கலாம். மரம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது மட்டும், கடைசிக் குஞ்சு பறக்கும்வரை, பார்த்தவரோடு இருக்கட்டும்.