வீதிக்கு அடியிலே ஒரு பாதாளம்

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறலையும் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். ஆனால், நாம் தினந்தோறும் நடமாடும் வீதியை யார் சுண்டிப் பார்க்கிறார்கள்?

ஜப்பான் தேசத்திலே, டோக்கியோவுக்கு அருகில், யாஷியோ என்ற நகரம் இருக்கிறது. 2025-ஆம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி காலையில், அங்கே ஒரு நாற்சந்தியில் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பூமி வாய் பிளந்தது. லாரி உள்ளே விழுந்தது. சில தினங்களில் அந்தப் பள்ளம் ஏறக்குறைய 40 மீட்டர் அகலமாகிவிட்டது. லாரி ஓட்டியவரின் சடலம் மே மாதத்தில்தான் மீட்கப்பட்டது.

இந்த விபரீதத்தின் மூலம், 1983-இல் சுமார் 10 மீட்டர் ஆழத்தில் புதைக்கப்பட்ட சாக்கடைக் குழாய். கழிவு நீரிலிருந்து எழும் ஒருவகை வாயு கந்தகத் திராவகமாக மாறிக் கான்கிரீட்டை அரித்துவிடுகிறது. குழாய் உடைந்ததும், மேலிருக்கும் மண் சிறிது சிறிதாக அதற்குள் இறங்குகிறது. வெளியே தார் ரோட்டில் ஒரு சுருக்கமும் இராது; உள்ளேயோ பொந்து வளர்ந்துகொண்டே மேலேறி வரும்.

அந்தப் பொந்தைக் கண்டுபிடிக்க ஒரு யந்திரம் உண்டு. ஆகாய விமானத்தைத் தேடும் ராடாரைப் பூமியை நோக்கித் திருப்பியது போன்றது அது. அதை வண்டியில் பொருத்தி ஓட்டிக்கொண்டே, மின்காந்த அலைகளை மண்ணுக்குள் அனுப்புகிறார்கள். மண் முடிந்து வெற்றிடம் தொடங்கும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. ஒரு மீட்டர் ஆழம் போய்த் திரும்புவதற்கு, ஒரு வினாடியில் ஏறக்குறைய ஐந்து கோடியில் ஒரு பங்கு நேரமே ஆகும்! அந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பொந்தின் ஆழத்தைச் சொல்லிவிடுகிறார்கள். வீதியைத் தோண்ட வேண்டியதில்லை; போக்குவரத்தை நிறுத்த வேண்டியதுமில்லை.

ஆயினும், இந்த ஞானக் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஈரக் களிமண்ணில் அலைகள் விரைவில் மங்கிவிடும். வீதிகளைச் சோதிக்கும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குக் கீழே பார்வை எட்டுவதில்லை. ஆழத்தில் பிறந்த பொந்து, மேலேறி வந்த பிறகே அவற்றுக்குப் புலப்படும். ஆகையால், ஒரு முறை பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பதற்கில்லை. அடிக்கடி பார்க்க வேண்டும். பழைய குழாய்களின் உட்புறத்தையும் சோதிக்க வேண்டும்.

யாஷியோவில் ஒரு குழாய் உடைந்ததனால், சுற்றுவட்டாரத்தில் 12 லட்சம் ஜனங்கள் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. வீதிக்குப் புதிதாகத் தார் போட்டால் ஊரே பார்த்து மகிழும். குழாயைச் செப்பனிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால், நம் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவது இரண்டுக்கும் மேலேதான் அல்லவா?